ஐந்து புள்ளி எட்டில் இடதுபுறம்

திங்கட்கிழமை. இன்னும் சரியாக விடியவில்லை. யாரோ கதவைத் தட்டினார்கள்.

சகாயநாதன் எழுந்திருக்கப் பார்த்தார். உடம்பு சம்மதிக்கவில்லை. முந்தின நாள் முழுக்கப் பச்சைமலையில் சைக்கிள் ஓட்டியிருந்தார். நடுவில் கொஞ்ச தூரம் சைக்கிள் அவர்மேல் சவாரி செய்திருந்தது. வலது தோள் வீங்கி, தொட்டால் சுட்டது.

மனைவி இருதயமேரி போய்க் கதவைத் திறந்தாள். திறந்த வேகத்தில் உள்ளே திரும்பி, “என்னங்க, உடனே வாங்க” என்றாள்.

வாசலில் ரஷீதா. முகம்மது கனியின் மனைவி. தெருவில் அவள் வந்த சைக்கிள் ரிக்‌ஷா காத்திருந்தது. அவள் தூங்கியிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“சார், பிள்ளைங்க அத்தா இன்னும் வரலை.”

“எங்கேருந்தும்மா?”

“உங்க மலையிலேருந்துதான்.”

சகாயநாதன் விழித்தார். “நேத்து சாயந்திரமே எல்லாரும் இறங்கியாச்சேம்மா. கனி எங்களுக்கெல்லாம் முன்னாடி போயிட்டாரு. அந்த வண்டியை நாங்க பிடிக்க முடியுமா?”

“முன்னாடி போனவங்க முன்னாடியே வீட்டுக்கு வந்திருக்கணுமில்ல சார்?”



அது ஒரு பெயர் வைக்காத கூட்டம். பாலக்கரை, ஸ்ரீரங்கம், முசிறி என்று ஆறு பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவிமார்களின் முணுமுணுப்பை மீறி, சைக்கிளைப் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு மலைக்குப் போவார்கள். ஏறுவார்கள். இறங்குவார்கள். திங்கட்கிழமை நொண்டிக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.

எந்த வழியாக ஏறுவது, எங்கே திரும்புவது என்பதெல்லாம் சகாயநாதன் பொறுப்பு. ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். புதுப் பாதை என்றால் முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவருடைய சைக்கிளின் முன்சக்கர அச்சில் பாதித் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மீட்டர். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஸ்போக்ஸ் கம்பியில் கட்டிய முள் அதை ஒரு தட்டுத் தட்டும். டிக். அத்தனை டிக்குகளும் கிலோமீட்டராகி, புள்ளிக்கு அந்தப் பக்கம் ஓர் எண்ணாகி, அவர் கையெழுத்தில் ஒரு ஷீட்டாகும். கூட்டத்தில் இருந்த ஆராவமுதன் அதை சைக்ளோஸ்டைல் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுப்பார். எல்லோர் வண்டியிலும் அதே மீட்டர். ஷீட்டையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு போனால் குருடன்கூட வழி தவற மாட்டான் என்பது சகாயநாதனின் பெருமை.

இந்தப் பச்சைமலைப் பாதை மூன்று வருஷமாக ஓடுகிற பாதை. துறையூர் தாண்டி சோபனபுரத்தில் ஏறி, புங்கங்குழி என்கிற மலைக்கிராமம் வரை வண்டித்தடம். அதற்குமேல் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. ஜில்லா எல்லைக் கல்லைத் தாண்டினால் சேலம் ஜில்லா. அப்படியே கெங்கவல்லிப் பக்கம் இறங்கி பஸ்.

முகம்மது கனி கூட்டத்துக்குப் புதுசு. பன்னிரண்டு வருஷம் குவைத்தில் ஸ்டோர்கீப்பராக இருந்துவிட்டு எண்பத்தைந்து கடைசியில் ஊரோடு வந்துவிட்டவர். வரும்போது எல்லோரும் டூ-இன்-ஒன் கொண்டுவந்தால் அவர் அட்டைப்பெட்டியில் ஒரு சைக்கிள் கொண்டுவந்தார். மலையில் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிள். கட்டை விரல் தடிமனுக்குப் பல் பல்லாக டயர், பதினைந்து கியர். பெரிய கடைவீதியில் நிறுத்தினால் கூட்டம் கூடியது. நேற்றுத்தான் அதற்கு முதல் மலை.

“இருங்கம்மா. ஆராவமுதன் கூட வந்திருப்பாரு. கேட்டுட்டு வந்துடறேன்” என்று சகாயநாதன் சைக்கிளை எடுத்தார்.

காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது ஒவ்வொரு மிதிக்கும் தொடை கெஞ்சியது.

ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் ஆராவமுதன் அப்போதுதான் திருமண் இட்டுக்கொண்டிருந்தார். வங்கி குமாஸ்தா. கணுக்காலில் ஒரு கட்டு.

“கனியா? உம்மோட வரலையா?”

“என்னோடயா? நீங்கதானே எனக்கு முன்னாடி போனீங்க?”

“நான் முன்னாடிதான் போனேன். எனக்கும் முன்னாடி அவர் போனார். படிப்பாறையில நாமெல்லாம் வண்டியைத் தோள்ல சுமந்துண்டு முக்கறோம், அவர் கியரை மாத்தி மாத்தி ஏறியே போயிட்டாரே! ‘மேல பாக்கலாம் சாமி’ன்னார். மேல ஆளைக் காணும். சரி, இறங்கியிருப்பார்னு நான் நினைச்சேன்.”

“கெங்கவல்லியில பார்த்தீங்களா?”

“அங்கேயும் இல்லை. முதல் பஸ்ஸைப் பிடிச்சிருப்பார்னு நினைச்சேன்.” ஆராவமுதன் கையிலிருந்த ஸ்ரீசூர்ணக் குச்சியைக் கீழே வைத்தார். “ரங்கநாதா! அஞ்சு பேர்ல ஒருத்தருக்காவது கேட்கணும்னு தோணலையே, ஓய்!”

“தோணலை.”

“என் கால் இப்படி. மலைக்கு நான் வந்தா என்னையும் நீர் சுமக்கணும். நான் இங்கேருந்து மத்தவாளை விசாரிக்கறேன். பெரியண்ணனுக்கு டிரங்க் கால் போட்டுடறேன். நீர் கிளம்பும்.”

*

துறையூர் பஸ் ஸ்டாண்டில் முசிறிப் பெரியண்ணன் ஒரு வாடகை ஜீப்போடு காத்திருந்தார். வாழைத்தார் வியாபாரி. ஆள் பனைமரம், நேற்றைய மலைக்கு அவரே முகம் வெளிறிப்போயிருந்தார். சகாயநாதனோடு ரஷீதாவும் பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் வாயைத் திறந்தார்.

“நீங்க எதுக்கும்மா...”

“வீட்டுல உட்கார்ந்து என்ன செய்யச் சொல்றீங்க? பிள்ளைங்களை மேரியக்காகிட்ட விட்டுட்டு வந்துட்டேன்.”

போகிற வழியில் போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வி:

“எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் காணாமப் போனாரா, அந்தப் பக்கமா? இந்தப் பக்கம்னா நாங்க. அந்தப் பக்கம்னா சேலம் ஜில்லா.”

சகாயநாதன் யோசிக்கவே இல்லை. “அந்தப் பக்கமாத்தான் இருக்கும் சார். இந்தப் பக்கம் வழி தப்ப இடமே கிடையாது. ஷீட் இருக்கு.” மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

0.0 – புங்கங்குழி கோயில் வாசல். மீட்டரைக் குறித்துக்கொள்ளவும்.
2.6 – ஓடை.
4.2 – படிப்பாறை ஆரம்பம். சைக்கிளைத் தோளில் தூக்கவும்.
5.8 – இடதுபுறம் திரும்பவும். பாதை குறுகும். இறக்கம். பிரேக் கவனம்.
6.3 – எல்லைக் கல்.

அவர் படித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சேலம் ஜில்லாவுக்குத் தகவல் போயிற்று.

அன்று முழுக்கத் தேடினார்கள். புங்கங்குழியில் ரஷீதாவை ஒரு வீட்டில் உட்கார வைத்துவிட்டு, சகாயநாதனும் பெரியண்ணனும் சைக்கிளோடு, கிராமத்து ஆட்கள் நான்கு பேர் காலோடு. கூட ஆடு மேய்க்கிற காளியாயி. நாற்பது வயதிருக்கும். காட்டை அவளைவிடத் தெரிந்தவர்கள் இல்லை என்று மற்றவர்களே சொன்னார்கள்.

படிப்பாறை வந்ததும் இரண்டு பேரும் வழக்கம்போல் சைக்கிளைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார்கள். பாறை முழுக்கக் கத்தி கத்தியாகச் சில்லு. உருட்டினால் டியூப் கிழிந்துவிடும். மூன்று வருஷமாக அதுதான் முறை.

காளியாயி நின்று பார்த்தாள். “ஏறிப் போறதுக்கு வண்டி வாங்கிட்டு வண்டிய ஏத்திட்டுப் போறீங்களே. இதுக்கு எங்க கழுதையே தேவலாம் போல.”

“நீ சும்மா நடம்மா” என்று பெரியண்ணன் மூச்சுக்கு நடுவில் சொன்னார்.

மேலே ஏறி, மட்டமான காட்டில் இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் போனால் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் எல்லைக் கல், இறக்கம். வலது பக்கமும் எல்லையைத் தாண்டி எங்கேயோ போகிறது. கனி இடதைத் தவறவிட்டு வலதில் போயிருக்க வேண்டும் என்பது சகாயநாதனின் முடிவு. வலதுபுறப் பாதையில் நான்கு கிலோமீட்டர் போனார்கள். கூப்பிட்டார்கள். மலை அதையே திருப்பிச் சொன்னது. திரும்பி வந்து இடதுபுற இறக்கத்தைக் கெங்கவல்லி தெரிகிற வரைக்கும் பார்த்தார்கள். பள்ளம் பள்ளமாக எட்டிப் பார்த்தார்கள். மாசி மாதத்துச் சருகு முழங்கால் வரை கிடந்தது. பல் டயர் என்ன, யானை போனாலும் தடம் நிற்காது.

இருட்டுமுன் புங்கங்குழிக்குத் திரும்பினார்கள். ரஷீதா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் எண்ணிக்கையை மட்டும் பார்த்தாள்.

பெரியண்ணன்தான் ஏதோ சொல்ல வேண்டுமே என்று, “நாளைக்குக் கண்டிப்பாக் கிடைச்சுடுவாரும்மா” என்றார்.

“தண்ணி எடுத்துட்டுப் போனாங்களா?” என்றாள் அவள்.

“ஒரு பாட்டில்.”

“ஒரு பாட்டில்” என்று திருப்பிச் சொன்னாள்.

*

செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் அதே பாதை.

 கிராமத்து ஆட்களில் இரண்டு பேர் மரவள்ளிக் கிழங்கு பிடுங்க வேண்டும் என்று நின்றுவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பெரியண்ணன் சைக்கிளை எடுக்கவில்லை. “என்னால இனி அதைப் பார்க்கக்கூட முடியாது மாஸ்டர்.”

சகாயநாதன் மட்டும் எடுத்துக்கொண்டார். கனியை எங்கே கண்டாலும் உடனே ஒருவர் இறங்கி ஜீப்புக்குச் சொல்ல வேண்டுமே. ஆனால் மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டுதான் வந்தார். இரண்டு நாளில் தூங்கியது மொத்தம் மூன்று மணி நேரம். நடக்கும்போதே கண் சொருகியது. மாதாவே, அந்த மனுஷன் உயிரோடு இருக்க வேண்டும். மாதாவே, அந்த மனுஷன். இரண்டாவது தடவை வாக்கியம் முடியவில்லை.

நான்கு புள்ளி இரண்டு. படிப்பாறை.

சைக்கிளைத் தூக்கக் குனிந்தார். வலது தோளில் சட்டத்தை வைத்ததும் கண்ணில் பூச்சி பறந்தது. இடது தோளுக்கு மாற்றிப் பார்த்தார். பழக்கமில்லாத தோள், இரண்டாவது அடியிலேயே ஆள் சாய்ந்தார். பெரியண்ணன் பிடித்துக்கொண்டார்.

“குடுங்க, நான் தூக்கறேன்.”

“வேண்டாம். நீயே நடக்க முடியாம நடக்கறே.”

“பின்னே?”

“டியூப் போனாப் போகட்டும்.” சைக்கிளைக் கீழே விட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்து, பாறைமேல் உருட்ட ஆரம்பித்தார்.

பத்து அடி. இருபது அடி.

டிக்.

சகாயநாதன் நின்றார். திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு தள்ளு.

டிக்.

“என்ன மாஸ்டர்? பஞ்சரா?”

சகாயநாதன் மீட்டரையே பார்த்தார். மூன்று வருஷம், பன்னிரண்டு தடவை இந்தப் பாறையில் ஏறியிருக்கிறார். ஒரு தடவைகூட இங்கே இந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. கேட்டிருக்க முடியாது. சக்கரம் தோளுக்கு மேலே அந்தரத்தில் தொங்கும்போது மீட்டர் எதை எண்ணும்?

மெதுவாக உட்கார்ந்தார். 

“பெரியண்ணா. இந்தப் பாறை எவ்வளவு நீளம் இருக்கும்?”

“யாரு கண்டா? ஒண்ணரைக் கிலோமீட்டர் இருக்காது?”

“இருக்கும். ஒண்ணரை இருக்கும். என் ஷீட்டுல அது பூஜ்யம்.”

பெரியண்ணனுக்குப் புரியவில்லை. சகாயநாதன் சட்டைப்பையிலிருந்து ஷீட்டை எடுத்துப் பாறைமேல் விரித்தார். 

“நான் முதல் தடவை அளக்க வந்தப்போ இங்கே வண்டியைத் தூக்கிட்டேன். மீட்டர் நாலு புள்ளி ரெண்டுலயே நின்னுது. மேல போயி இறக்கி வச்சு, அதிலேருந்து எண்ண ஆரம்பிச்சுது. பாதை பிரியற இடத்துல பார்த்தேன். அஞ்சு புள்ளி எட்டு. எழுதிட்டேன்.”

“சரி. நமக்கெல்லாம் சரியாத்தானே வருது? அஞ்சு புள்ளி எட்டுல திரும்பறோம்.”

“நாமெல்லாம் தூக்கறோம். எல்லாருடைய மீட்டரும் நிக்குது. எல்லாரும் ஒரே மாதிரி தப்பு பண்றதால எல்லாருக்கும் சரியா வருது.” சகாயநாதன் பாறையின் உச்சியைப் பார்த்தார். “கனி தூக்கலை. ஏறி ஓட்டிட்டுப் போனாரு. அவர் மீட்டர் நிக்கவே இல்லை.”

பெரியண்ணன் குனிந்து ஷீட்டைப் பார்த்தார்.

“அவருக்கு அஞ்சு புள்ளி எட்டு எங்கே வந்திருக்கும்?” என்றார்.

“பாறை முடிஞ்சதும். ஒரு நூறு மீட்டர்லயே.”

நேற்று முழுக்க அவர்கள் தேடிய இடம் அதற்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி.

சகாயநாதன் எழுந்தார். “காளியாயி! பாறை முடிஞ்ச உடனே இடது பக்கம் ஏதாவது வழி இருக்கா?”

முன்னால் போய்க்கொண்டிருந்த காளியாயி திரும்பினாள். “வழி எங்கங்க இருக்கு? எங்க ஆட்டுத் தடம் ஒண்ணு இருக்கு. கீழ ஓடைப் பள்ளத்துக்குப் போவும். அதுல மனுசன் போவ மாட்டான்.”

“ஷீட்டுல எழுதியிருந்தா?”

அவளுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. பதிலை எதிர்பார்க்காமல் அவர் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஏறத் தொடங்கியிருந்தார்.

பாறையின் உச்சி. நூறு மீட்டர். இடது பக்கம் புதருக்கு நடுவே ஓர் இடுக்கு. ஆட்டுப் புழுக்கை. உள்ளே நுழைந்தால் ஒரு கை அகலத்துக்குத் தடம், நேராகக் கீழே.

*பாதை குறுகும். இறக்கம். பிரேக் கவனம்.*

 அவர் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் இந்தத் தடத்துக்கும் பொருந்தியது. குவைத்தில் பன்னிரண்டு வருஷம் சீட்டில் எழுதியிருப்பதை ஒரு சாமான் கூடாமல் குறையாமல் எடுத்துக் கொடுத்தே பழகிய மனுஷன். சந்தேகமே பட்டிருக்க மாட்டார்.

ஐம்பது அடி கீழே, ஊற்றுக் கசிந்து ஈரமான மண்ணில், ஆட்டுக் குளம்புகளுக்கு நடுவில் பல் பல்லாக ஒரு கோடு.

“கனி பாய்!” என்று பெரியண்ணன் அலறினார்.

ஒன்றும் இல்லை.

“கனி பா...ய்!”

கீழே எங்கேயோ, இரும்பில் கல்லைத் தட்டுகிற சத்தம். விட்டு விட்டு. தட்டுகிறவருக்குத் தெம்பு இல்லாத தட்டு.

*

ஓடை காய்ந்திருந்தது. இரண்டு பாறைக்கு நடுவில் சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் முகம்மது கனி. இடது கால் முழங்காலுக்குக் கீழே இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. உதடு வெடித்து, கண் உள்ளே போய், உடம்பு அனலாகக் கொதித்தது. பாறைக் குழியில் தேங்கிக் கிடந்த ஒரு படித் தண்ணீருக்கு ஞாயிறு இரவே ஊர்ந்து போயிருக்கிறார். அதுதான் இரண்டு நாள் அவரை உயிரோடு வைத்திருந்தது. குழியில் இப்போது பாசி மட்டும் மிச்சம்.

“யாரு... மாஸ்டரா?”

“நான்தான் பாய். பேசாதீங்க.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று கண்ணை மூடினார். பிறகு மூடியபடியே பேசினார். “ரஷீதா திட்டுவா.”

“திட்டட்டும். திட்டறதுக்கு ஆளா நீங்க இருக்கீங்களே, அது போதும்” என்றார் பெரியண்ணன்.  உடனே கிராமத்து ஆட்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். “என்னய்யா நிக்கறீங்க? மூங்கில் வெட்டுங்க!”

இரண்டு மூங்கில். நடுவில் கம்பளி. காளியாயி தன் இடுப்புத் துணியைக் கிழித்துக் குச்சி வைத்துக் காலைக் கட்டினாள். ஆட்டுக்குக் கட்டிப் பழகிய கை. கனி பல்லைக் கடித்தார். ஒரு தடவை மட்டும் கத்தினார்.

மேலே ஏற்றுவதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆட்டுத் தடத்தில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடமில்லை. நான்கு அடி ஏறுவார்கள், நிற்பார்கள். பாறை உச்சிக்கு வந்து கீழே இறக்கி வைத்தபோது சகாயநாதனுக்குக் கை விரலைப் பிரிக்க முடியவில்லை. மூங்கிலைப் பிடித்தபடியே மடங்கி நின்றுவிட்டது. ஒவ்வொன்றாக மற்ற கையால் நிமிர்த்தினார்.

கனி கண்ணைத் திறந்தார்.

“மாஸ்டர். ஷீட்டுல ஒரு குத்தமும் இல்ல. அஞ்சு எட்டு, இடது. கரெக்டாத்தான் திரும்புனேன். நடுவுல எங்கயோ நான்தான் மீட்டரைத் தப்பாப் பார்த்துட்டேன் போல. உங்களுக்கெல்லாம் எவ்வளவு சிரமம்.”

சகாயநாதன் வாயைத் திறக்குமுன் பெரியண்ணன் அவர் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

“மாஸ்டர், நான் சொல்றதைக் கேளுங்க. விட்டுடுங்க. அவரே தான்தான் தப்பாத் திரும்பிட்டேங்கறாரு. ஆளு கிடைச்சாச்சு. இனிமே எதைச் சொல்லி என்ன ஆகப்போகுது? நாளைக்கு அந்தம்மா மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?”

“புது ஷீட்டு எழுதணுமே.”

“எழுதுங்க. சத்தமில்லாம எழுதுங்க.”

சகாயநாதனுக்கு யோசிக்கச் சக்தி இல்லை. பெரியண்ணன் சொன்னதில் நியாயம் இருக்கிற மாதிரியும் இருந்தது. தூக்கம் வருகிற மாதிரியும் இருந்தது. “தூக்குவோம்” என்று மட்டும் சொன்னார்.

படிப்பாறையில் இறங்கினார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். காளியாயி முன்னே போய்ச் சில்லுக் கற்களைக் காலால் தள்ளிக்கொண்டே போனாள். பாறையின் அடிவாரத்துக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

அங்கே ரஷீதா நின்றுகொண்டிருந்தாள். கையில் தூக்குச் சட்டி நிறையத் தண்ணீர். செருப்பு அறுந்து, ஒரு காலில் மட்டும் இருந்தது. புங்கங்குழியில் உட்கார முடியாமல் நான்கு கிலோமீட்டர் தனியாக ஏறி வந்திருக்கிறாள்.

மூங்கிலைப் பார்த்தாள். கம்பளியைப் பார்த்தாள். அவளுடைய முகம் ஒரு கணம் செத்துப்போனது.

“உசிரோட இருக்காரும்மா!” என்று பெரியண்ணன் தூரத்திலிருந்தே கத்தினார். “கால்தான்! கால் மட்டும்தான்!”

கீழே இறக்கி வைத்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தலையை மடியில் எடுத்து வைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டாள். அழவில்லை.

“பன்னெண்டு வருசம் பாலைவனத்துல இருந்தப்பகூட இப்படி என்னைப் பயமுறுத்தலை நீங்க.”

“வண்டி நல்ல வண்டிதான் புள்ள” என்றார் கனி. “நான்தான் வழிய விட்டுட்டேன். மாஸ்டர் எல்லாம் சரியாத்தான் எழுதியிருந்தாரு. எம்மேலதான் தப்பு.”

“தெரியும். என்னைக்கு நீங்க நான் சொன்னதைக் கேட்டிருக்கீங்க? கண்ணு எங்க இருந்துச்சு? மத்த அஞ்சு பேருக்கும் தெரிஞ்ச வழி உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?”

கனி கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் நீர் கசிந்து காதுப் பக்கம் இறங்கியது. வலியாலா, சொன்னதாலா, தெரியவில்லை.

சகாயநாதன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்தார். பெரியண்ணன் வேண்டாம் என்று கண்ணால் சொன்னார்.

“அவரைத் திட்டாதீங்கம்மா. அவர் வழி தப்பலை.”

ரஷீதா நிமிர்ந்தாள்.

“நான் எழுதினதுதான் தப்பு. இந்தப் பாறையை நான் வண்டியைத் தூக்கிட்டு ஏறினேன். மீட்டர் ஓடலை. அந்த ஒண்ணரைக் கிலோமீட்டரைக் கூட்டாமயே எழுதிட்டேன். நாங்க எல்லாரும் தூக்கிட்டே போனதால எங்களுக்குத் தெரியலை. ஓட்டிட்டுப் போன முதல் ஆள் இவருதான். நான் எழுதினபடிதான் திரும்பினாரு. நான் எழுதினபடிதான் விழுந்தாரு.”

 கனி கம்பளியில் படுத்தபடியே அவரைப் பார்த்தார். ஸ்டோரில் ஒரு பெரிய கணக்கு இடிக்கிற இடம் கடைசியில் அகப்பட்ட மாதிரி, மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

“இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?” என்றாள் ரஷீதா.

“இன்னைக்குக் காலையில. எட்டு மணி இருக்கும்.”

“நேத்தே தெரிஞ்சிருக்கலாம்.”

“தெரிஞ்சிருக்கலாம்மா. நேத்து போலீசுல கேட்டப்பவும் நான்தான் அந்தப் பக்கம்னு சொன்னேன். ஷீட்டைக் காட்டினேன்.”

“நேத்துக் கண்டிருந்தா ஒரு ராத்திரி மிச்சமாயிருக்கும் இவங்களுக்கு.”

“ஆமா.”

அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. ஊரில், தில்லை நகரில் ஒரு நல்ல எலும்பு டாக்டர் இருக்கிறார். ஜீப்பில் போனால் இன்னும் நான்கு மணி நேரம். அதற்கு முன்னால் ஜீப் நிற்கிற இடம் வரைக்கும் இந்தக் காடு இருந்தது.

பின்பக்கத்து மூங்கிலைப் பிடித்து வந்த கிராமத்து ஆள் மரத்தில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். அவன் உள்ளங்கையில் தோல் உரிந்து ரத்தம். ரஷீதா எழுந்தாள். முந்தானையைச் சுருட்டித் தோளில் திண்டாக வைத்துக்கொண்டாள். அவன் விட்ட இடத்தில் போய் நின்று குனிந்தாள்.

“ஐயோ, நீங்க எதுக்கும்மா, நாங்க இருக்கோமில்ல” என்றார் பெரியண்ணன்.

“நீங்க நிக்கற நிலையை நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.” சகாயநாதனைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. இரண்டு நாள் தூக்கமில்லாத ஒரு முகம், அவ்வளவுதான்.

“கோபப்படக்கூட இப்ப எனக்குத் தெம்பில்ல சார். ஊருக்குப் போயி, இவங்க கால் ஒண்ணு சேர்ந்ததும் வந்து நல்லாக் கேக்கறேன் உங்களை. இப்ப அந்தப் பக்கம் பிடிங்க.”

சகாயநாதன் போய் இடது தோளைக் கொடுத்தார்.